மடியில் வைக்கும் பிஸ்டலை எத்தனை ரவுண்டு சுட்டபின் நம்பலாம்?

வாசகர் கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி ஆலை நடத்துகிறேன். நெல் கொள்முதல் சமயத்தில் ரொக்கத்தோடு கல்லிடைக்குறிச்சி, பாப்பாக்குடி, முக்கூடல் என்று இருட்டிய பிறகும் போய்வர வேண்டியிருக்கிறது. போன வருஷம் எனக்குக் கைத்துப்பாக்கி லைசென்ஸ் கிடைத்தது. அப்பா வைத்திருந்த பழைய வெப்லி அண்ட் ஸ்காட் .32 பிஸ்டலும் முறைப்படி என் லைசென்ஸில் ஏறிவிட்டது. வெளியே தெரியாமல் பாக்கெட்டில் வைத்துக்கொள்கிற மாதிரி சின்னதாக இன்னொன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். கடையில் பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடை நாலு தடவை இழுத்துக் காட்டி, "இது ஜாமே ஆகாது" என்றார்கள். வெளிநாட்டு வீடியோக்களில் 500 ரவுண்டு, அதாவது 500 தோட்டா, சுட்டுப் பார்க்காமல் நம்பாதே என்கிறார்கள். எனக்கு அனுமதித்திருப்பது வருஷத்துக்கு 100 ரவுண்டுதான். சின்ன பிஸ்டல் நம்பகமானதா இல்லையா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

அண்ணாச்சி, மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று சொல்வார்கள். உங்களுக்குப் பணம் ஒரு கனம், பிஸ்டல் இன்னொரு கனம். பிஸ்டல் நம்ப முடியாததாக இருந்தால் பணத்தைவிட அதுதான் பெரிய பயம். அதனால் நீங்கள் கேட்டது சரியான கேள்வி. வாங்குவதற்கு முன்னால் கேட்டீர்களே, அது எனக்கு நிம்மதியாக இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் வாங்கி மூன்று வருஷம் இடுப்பில் சுமந்த பிறகுதான் இதைக் கேட்கிறார்கள்.

நான் காவல்துறையில் 31 வருஷம் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவனாக, இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு பாளையங்கோட்டையில் லைசென்ஸ் உள்ள ஒரு கடையில் பழுது பார்க்கும் மேஜையில் உட்கார்கிறேன். கடையில் விற்பதைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை. விற்றபின் திரும்பி வருவதை மட்டும்தான் பார்க்கிறேன். இந்தப் பதிலையும் அங்கே பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் கடைக்காரர் செய்து காட்டியதைப் பார்ப்போம். கையால் ஸ்லைடை இழுத்து விடுவதும் சுடும்போது ஸ்லைடு போய்வருவதும் ஒன்றே அல்ல. கையால் இழுக்கும்போது நீங்கள் கொடுக்கும் நேரம் முழுக்க, ரவுண்டுகளை அடுக்கியிருக்கும் மேகசினுக்குக் கிடைக்கிறது. அடுத்த ரவுண்டை அது நிதானமாக மேலே தள்ளும். சுடும்போது அப்படி இல்லை. ரவுண்டு வெடித்து, ஸ்லைடு பின்னால் போய், ரவுண்டின் காலிக் கூடான கேஸைப் பிடுங்கி வெளியே எறிந்து, முன்னால் வரும் வழியில் அடுத்த ரவுண்டைத் தள்ளிக்கொண்டு போய், குழலின் பின்முனையான சேம்பரில் அடைக்க வேண்டும். கண் இமைக்கிற நேரத்துக்குள் இவ்வளவும் முடிந்துவிடும்.

சின்ன பிஸ்டலில் இதுதான் இன்னும் நெருக்கடி. உங்கள் .32 வகையில் பெரும்பாலான பிஸ்டல்களில் ஸ்லைடுக்கும் பேரலுக்கும் (குழலுக்கும்) இடையே பூட்டு எதுவும் கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டும்தான் வெடிப்பைத் தாங்கிப் பிடிக்கின்றன. பாக்கெட்டுக்கு அடங்க வேண்டும் என்று உடலைச் சிறுக்கினால் ஸ்லைடின் எடை குறைகிறது. எடை குறைந்தால் ஸ்பிரிங்கை முறுக்காக வைத்தாக வேண்டும். ஸ்லைடு போய்வரும் தூரமும் சுருங்குகிறது. பெரிய பிஸ்டலில் ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்தாலும், கொஞ்சம் அழுக்குச் சேர்ந்தாலும், பிடி கொஞ்சம் தொய்ந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். சின்னதில் அந்தப் பொறுமைக்கே இடம் இல்லை. பிடிப்பதற்கும் இரண்டு விரலுக்குத்தான் இடம் இருக்கும். மணிக்கட்டுத் தளர்ந்தால் ஸ்லைடோடு சேர்ந்து பிஸ்டலும் பின்னால் போகும். ஸ்லைடு முழுத் தூரம் போகாமலே திரும்பி வந்துவிடும். காலிக் கேஸ் அது வெளியேறும் திறப்பில் செங்குத்தாக மாட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பல நேரம் அது இப்படி வருவதுதான்.

பூட்டு இல்லாத இந்த அமைப்பு பழையது. அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் வகுத்த வழி அது. நம் பக்கத்துக்கு அந்தப் பெயர் புதிதல்ல. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங். நம் அரசுத் தொழிற்சாலையின் .32 பிஸ்டலும் அந்த மரபில் வந்ததுதான். நூறு வருஷத்துக்கு மேல் நிலைத்த அமைப்பு என்றால் அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அமைப்பு நல்லது என்பதால் உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு பிஸ்டலும் நல்லது என்று ஆகிவிடாது. ஒரே பெட்டியில் வந்த இரண்டில் ஒன்று சுட்டுக்கொண்டே இருக்கும், இன்னொன்று பத்துக்கு ஒன்று மாட்டும். நான் பார்த்திருக்கிறேன்.

.32 பிஸ்டல் ரவுண்டுக்கு மட்டும் ஒரு தனிக் கோளாறு உண்டு. அதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு ரவுண்டைக் கையில் எடுத்து அதன் அடி விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். கேஸின் உடம்பைவிட விளிம்பு ஒரு மயிரிழை அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேகசினில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது மேலே உள்ள ரவுண்டின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பாக்கெட்டில் ஆடி ஆடி மேல் ரவுண்டு பின்னால் நழுவிவிட்டால் இரண்டு விளிம்பும் கொக்கி போட்டுக்கொள்ளும். பிறகு ஸ்லைடை எத்தனை தடவை இழுத்தாலும் வராது. மேகசினைக் கழற்றித்தான் விடுவிக்க முடியும். நீளம் குறைவான ரவுண்டுகளை அடைத்தால் மேகசினுக்குள் முன்னும் பின்னும் ஆட இடம் கிடைக்கும், அப்போது இது இன்னும் சுலபமாக நடக்கும். அதனால் அடைக்கும்போது ஒவ்வொரு ரவுண்டையும் பார்த்து அடையுங்கள். பாக்கெட்டில் சுமக்கிற மேகசினை வாரம் ஒரு தடவை இறக்கி மறுபடி அடையுங்கள். இந்தக் கோளாறை எந்தக் கடைக்காரரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது உங்கள் 100 ரவுண்டுக்கு வருவோம். 500 ரவுண்டு சுடச் சொல்கிறவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. அவர்கள் ஊரில் ரவுண்டு மளிகைச் சாமான் மாதிரி கிடைக்கிறது, நமக்கு அப்படி இல்லை. ஆனால் அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் நம்மிடம் இருப்பதை வைத்து என்ன முடியும் என்பது தெரிந்துவிடும்.

கணக்கு சுலபம். ஒரு தடங்கலும் இல்லாமல் எத்தனை ரவுண்டு சுட்டீர்களோ அந்த எண்ணால் 3-ஐ வகுங்கள். 30 ரவுண்டு சுத்தமாகப் போனது என்றால் 3-ஐ 30 ஆல் வகுக்க, நூற்றுக்கு 10. அதாவது, இந்தப் பிஸ்டலின் உண்மையான கோளாறு விகிதம் நூற்றுக்குப் பத்து வரைகூட இருக்கலாம், அதற்கு மேல் இருக்காது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். 50 ரவுண்டு போனால் நூற்றுக்கு 6 வரை. 100 போனால் 3 வரை. 300 போனால்தான் நூற்றுக்கு 1. புள்ளியியல் படித்தவர்கள் நூற்றுக்கு 95 உறுதி என்று சொல்வது இதைத்தான்.

நூற்றுக்கு 6 என்றால் சின்ன விஷயமாகத் தெரியும். மேகசினில் 8 ரவுண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரவுண்டுக்கு நூற்றில் 6 கோளாறு வரும் பிஸ்டலில் அந்த எட்டும் ஒழுங்காகப் போவதற்குப் பத்தில் ஆறு வாய்ப்புத்தான் உண்டு. பத்தில் நாலு தடவை நடுவில் எங்கேயோ மாட்டும். 50 ரவுண்டு சுட்டுவிட்டு "ஒரு குறையும் இல்லை" என்று சொல்கிறவர் கையில் இப்படிப்பட்ட பிஸ்டலும் இருக்கலாம். கடையில் ஒரு ரவுண்டுகூடச் சுடாமல் சொன்ன வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். நம்மிடம் ரவுண்டு குறைவு, எனவே ஒவ்வொரு ரவுண்டும் ஒரு தகவல் சொல்லியாக வேண்டும். வெறும் சத்தத்துக்காக ஒன்றுகூடச் செலவழிக்கக் கூடாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதல் வருஷத்து நூறை இப்படிப் பிரிப்பேன். லைசென்ஸில் வருஷ அளவு தனி, ஒரு நேரத்தில் கையில் வைத்திருக்கும் அளவு தனி. அதனால் இரண்டு மூன்று தவணையாகத்தான் வாங்க முடியும். வாங்கும்போது பெட்டியில் உள்ள லாட் எண்ணை (ஒரே தடவையில் செய்த தொகுதியின் எண்) பார்த்து, முடிந்தவரை ஒரே லாட்டில் கேளுங்கள். முதல் 20 ரவுண்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். புது இரும்பு ஒன்றோடொன்று தேய்ந்து பழக அது போகட்டும். இந்த இருபதில் ஒன்றிரண்டு மாட்டினால் பதற வேண்டாம். பிறகு கழற்றித் துடைத்துவிட்டு 60 ரவுண்டு, மேகசின் ஒன்றுக்கு முப்பது வீதம் சுடுங்கள். மேகசின் இரண்டு வேண்டும். இரண்டின் அடியிலும் பெயின்ட்டால் ஒன்று, இரண்டு என்று எழுதிவிடுங்கள். அறுபதில் பத்துப் பதினைந்தை ஒரு கையால் சுடுங்கள், அதில் கொஞ்சம் இடது கையாலும். ஆபத்து நேரத்தில் இரண்டு கையும் காலியாக இருக்கும் என்று யார் சொன்னது? அடுத்து, ரவுண்டு அடைத்தபடி மூன்று வாரம் வழக்கம்போல் சுமந்துவிட்டு, துடைக்காமல், அந்த வேர்வையோடும் ஆலைத் தூசியோடும் அப்படியே துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கொண்டு போய் 12 ரவுண்டு சுடுங்கள். இந்தப் பன்னிரண்டைத்தான் நான் தங்கமாக மதிப்பேன். எண்ணெய் மினுமினுக்கத் துடைத்த பிஸ்டல் ரேஞ்சில் ஓடுவது ஒரு சாதனையே அல்ல. மிச்சம் 8 உங்கள் மேகசினில் இருக்கும்.

அடுத்த வருஷம் புது ரவுண்டு வாங்கும்போது மேகசினில் கிடந்த பழைய எட்டை முதலில் சுடுங்கள். ஒரு வருஷம் வேர்வையில் கிடந்த ரவுண்டு வெடிக்கிறதா என்பதும் ஒரு பாடம். கணக்கைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே போங்கள். இரண்டாம் வருஷக் கடைசியில் 150 சுத்தமாகப் போயிருந்தால் நூற்றுக்கு 2-க்குள் வந்துவிடுவீர்கள். நடுவில் ஸ்பிரிங் மாற்றினாலோ, வேறு வகை ரவுண்டுக்கு மாறினாலோ எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்தில் இருந்துதான். அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் ரேஞ்சில்தான் செய்ய வேண்டும். தோப்பில் வேண்டாம், ஆற்றங்கரையிலும் வேண்டாம். ரைபிள் கிளப்பில் உறுப்பினராகிவிடுங்கள். பக்கத்தில் நின்று பார்க்கத் தெரிந்த ஒருவர் இருப்பது பாதுகாப்புக்கும் நல்லது, உங்கள் பிடி தொய்கிறதா என்று சொல்லவும் ஆள் கிடைக்கும்.

ஒரு நாப்பது பக்க நோட்டு போதும். தேதி, மேகசின் எண், லாட் எண், மேகசினில் எத்தனையாவது ரவுண்டு, என்ன நடந்தது. "ஜாம்" என்று மட்டும் எழுதாதீர்கள். எப்படி மாட்டியது என்று எழுதுங்கள். நோட்டைப் புரட்டினால் நோய் எங்கே என்று பாதிக்கு மேல் தெரிந்துவிடும். கோளாறு முழுக்க ஒரே மேகசினில் வந்தால் அந்த மேகசின்தான் காரணம். அதன் மேல் உதடுகள் இரண்டும் ஒரே அளவாக வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், சிமென்ட் தரையில் ஒரு தடவை விழுந்தாலே ஒரு பக்கம் நசுங்கிவிடும். கடைசி ரவுண்டு மட்டும் மாட்டினால் மேகசின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். நீங்கள் சுட்டால் மாட்டுகிறது, இன்னொருவர் சுட்டால் ஓடுகிறது என்றால் பிடியில் கோளாறு. இரண்டு மேகசினிலும், யார் சுட்டாலும் காலிக் கேஸ் வெளியே வரவில்லை என்றால் கேஸைப் பிடுங்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியையும் சேம்பரையும் பார்க்க வேண்டும். அதை நீங்களே அரத்தை எடுத்துச் சரிசெய்யக் கூடாது, ஆர்மரரிடம் கொண்டு வாருங்கள். என் அனுபவத்தில் மேகசினைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பிஸ்டலுக்குச் செலவழிக்கத் தயங்காதவர்கள் இன்னொரு மேகசினுக்குக் கணக்குப் பார்ப்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

சுடும்போது இரண்டு விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. 'டிக்' என்று சத்தம் வந்து வெடிக்கவில்லை என்றால் பிஸ்டலின் வாயை இலக்கின் பக்கமே வைத்து முப்பது விநாடி காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் ரவுண்டு உண்டு. வழக்கமான சத்தம் இல்லாமல் 'புஸ்' என்று வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். மேகசினைக் கழற்றி, சேம்பர் காலி என்று உறுதி செய்துகொண்டு பேரலைப் பார்க்க வேண்டும். குண்டு பாதியில் நின்றிருக்கும். அதன்மேல் இன்னொன்று சுட்டால் பேரல் வெடிக்கும்.

போன மார்கழியில் மலையடிவாரத்தில் இருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் தன் பிஸ்டலைக் கொண்டுவந்தார். காலையில் சுட்டால் நாலில் ஒன்று வெடிப்பதில்லை, மத்தியானம் சுட்டால் சரியாக இருக்கிறது என்றார். வெடிக்காத ரவுண்டுகளை வாங்கிப் பார்த்தேன். ரவுண்டின் அடியில் உள்ள கேப்பில் ஊசி பட்ட தடம் இருந்தது, ஆனால் பென்சில் முனையால் தொட்ட மாதிரி மேலோட்டமாக. ஸ்லைடைக் கழற்றி ஃபயரிங் பின் என்கிற அந்த ஊசியை வெளியே எடுத்தபோது அதன்மேல் வெள்ளையாகக் குழைவாக ஒன்று அப்பியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய். சொந்தச் செக்கில் ஆட்டிய சுத்தமான எண்ணெய் என்று பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறார். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் நம் வீட்டுப் பாட்டிலில் நடப்பதுதான் அந்தப் பின்னின் குழாய்க்குள்ளும் நடந்தது. ஊசி முழு வேகத்தில் போய்த் தட்ட முடியவில்லை. அந்த எண்ணெயில் பஞ்சு, சட்டைப்பையின் நூல், பாக்குத் தூள் எல்லாம் ஒட்டி, எக்ஸ்ட்ராக்டருக்கு அடியில் ஒரு சின்னத் திரியே திரண்டிருந்தது. குண்டூசியால் இழுத்தபோது முழுசாக வந்தது. அவர் அந்தப் பிஸ்டலோடு இரண்டு வருஷம் தனியாகத் தோப்புக் காவலுக்குப் போய்வந்திருக்கிறார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

உங்கள் ஆலையில் உமித் தூசி, தவிட்டுத் தூசி இரண்டும் உண்டு. தவிட்டில் எண்ணெய்ப் பசை வேறு இருக்கிறது. அதனால் துப்பாக்கிக்கு என்று விற்கும் எண்ணெயை மட்டும், அதையும் ஒரு சொட்டுக்கு மேல் போடாமல் தடவித் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வழிந்தால் தூசிக்கு விருந்து. எண்ணெய் மேகசினுக்குள் போகக் கூடாது, ரவுண்டின் மேலும் படக் கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை, ரவுண்டுகளை வேறு அறையில் வைத்துவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் தினமும் ஒரு தடவை துடைத்தாலும் தகும்.

சுமக்கும் முறையிலும் பாதி நம்பகம் இருக்கிறது. நம் பக்கத்தில் வேட்டி மடிப்பில் செருகுகிறவர்கள், பெல்ட்டின் பர்ஸ் பையில் சில்லறையோடு போடுகிறவர்கள் எல்லாரையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் கூடாது. டிரிக்கரை முழுக்க மூடும் உறை கட்டாயம் வேண்டும். பொது இடத்தில் உறையில்தான் கொண்டு போக வேண்டும் என்று 2016 ஆயுத விதிகளும் சொல்கின்றன. உறை இருக்கும் பாக்கெட்டில் சாவி, சில்லறை, பாக்குப் பொட்டலம் எதுவும் இருக்கக் கூடாது. உட்காரும்போது தொடை அழுத்தி மேகசின் கொக்கி விடுபடுகிறதா என்று, வாங்கிய முதல் வாரம் ரவுண்டு இல்லாமல் சுமந்து பாருங்கள். அது விடுபட்டு மேகசின் அரை அங்குலம் இறங்கியிருப்பது தெரியாமலே அலைகிறவர்கள் உண்டு.

சேம்பரைக் காலியாக வைத்துத்தான் சுமக்கச் சொல்வேன். பழைய அமைப்புப் பிஸ்டல்கள் பலவற்றில் ஊசியைத் தடுத்துப் பிடிக்கும் தடுப்பு கிடையாது. கீழே விழுந்தால் வெடிக்கலாம். காலியாக வைத்தால் எடுத்ததும் ஸ்லைடை இழுக்க இரண்டு கையும் வேண்டும், அது ஒரு குறைதான். ஆனாலும் புல்லட் பைக்கில் உட்கார்ந்து குண்டும் குழியுமான ரோட்டில் போகிற உங்கள் தொடைக்கு எதிரே நிரப்பிய சேம்பர் வேண்டாம். அதனால்தான் கடையில் நீங்கள் செய்ய வேண்டிய முதல் சோதனை இது: கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, காலிப் பிஸ்டலின் ஸ்லைடைப் பத்துத் தடவை தொடர்ந்து இழுங்கள். வேர்த்த கையால் இழுக்க முடியாத முறுக்கு ஸ்பிரிங் உள்ள பிஸ்டல் எவ்வளவு சின்னதாக, எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு ஆகாது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, பிஸ்டலா ரிவால்வரா? பழகி, நோட்டு எழுதி, மேகசினைக் கவனித்துப் பார்த்துக்கொள்ளும் ஆள் என்றால் அரசுத் தொழிற்சாலையின் .32 பிஸ்டல் வாங்குங்கள். அது பாக்கெட்டுக்குக் கொஞ்சம் பெரியதுதான். ஆனால் நான் மேலே சொன்ன பொறுமை அதில் இருக்கிறது. 9 மி.மீ. பக்கம் மனதை விடாதீர்கள், அது தடைசெய்யப்பட்ட 'போர்' (குழலின் விட்ட அளவு), சாதாரண லைசென்ஸில் வராது. வருஷத்துக்கு நூறு ரவுண்டு சுடவும் நேரம் இல்லை என்றால் ரிவால்வரே மேல். ஒரு ரவுண்டு வெடிக்காவிட்டால் மறுபடி டிரிக்கரை இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். மேகசின் என்ற தலைவலி இல்லை. பாக்கெட் தூசியையும் பிஸ்டலைவிட அதிகம் தாங்கும். 2014-ல் வந்த நிர்பீக் ரிவால்வர் அரைக் கிலோ அளவில்தான் இருக்கிறது, ஆறு ரவுண்டு பிடிக்கும். ஆனால் ரிவால்வர் மாட்டவே மாட்டாது என்று நினைக்காதீர்கள். காலிக் கேஸைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் நாலு மணல் துகள் இருந்தால் சிலிண்டர் சுற்றாது. டிரிக்கரும் கனமாக இருக்கும், விரலுக்குப் பழக்கம் இல்லாவிட்டால் குறி தப்பும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இரண்டும் .32 என்றுதான் எழுதியிருக்கும், ஆனால் ரவுண்டு வேறு வேறு. பிஸ்டல் ரவுண்டின் கேஸ் 17 மி.மீ., ரிவால்வருடையது 23 மி.மீ. சின்ன ரவுண்டு ரிவால்வர் சிலிண்டருக்குள் போய் உட்கார்ந்தும்விடும். சுட்டுவிடாதீர்கள். பிஸ்டல் ரவுண்டின் அழுத்தம் அதிகம், ரிவால்வர் அதற்குச் செய்ததல்ல. வாங்கும்போது பெட்டியைப் படித்து வாங்குங்கள். கடைப் பையனின் கைப்பழக்கத்தை நம்பக் கூடாத இடம் இது.

அப்பாவின் வெப்லி பற்றி. பர்மிங்காமில் செய்த நல்ல கருவி அது. லண்டன் மாநகரப் போலீஸே 1911-ல் இருந்து அந்த .32-ஐ வைத்திருந்தது. ஆனால் உங்கள் கையில் இருப்பதன் வயதை யோசியுங்கள். பிடியின் வலது பக்கத் தகட்டுக்கு அடியில் மடிந்து கிடக்கும் ஸ்பிரிங் பல பத்து வருஷமாக அழுத்தத்திலேயே இருந்திருக்கிறது. அசல் மேகசின் ஒன்றுக்குமேல் கிடைப்பது அரிது. ஊசி உடைந்தால் மாற்று கிடையாது, கையால் செய்துதான் போட வேண்டும். அதனால் ரவுண்டு இல்லாமல் வெறுமனே டிரிக்கரை இழுத்து விளையாடக்கூடாது. நான் உங்களைச் சுமக்க விடமாட்டேன். அப்பாவின் ஞாபகப் பொருளாக வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம் என்பதால், புதிது வாங்கினால் உங்கள் கணக்கு முடிந்துவிடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸில் எந்த எல்லைவரை கொண்டு போகலாம் என்று எழுதியிருக்கும், அதை ஒரு தடவை படித்துப் பாருங்கள். தேர்தல் அறிவித்ததும் ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தால் தாமதிக்காதீர்கள். அந்த நாட்களில் உங்கள் பாக்கெட் காலியாக இருக்கும். நெல் பணம் அப்போதும் போய்வர வேண்டும் அல்லவா? அதற்கு ஒரு வழியை இப்போதே பழக்கப்படுத்திவிடுங்கள். பெரிய தொகையை விவசாயியின் கணக்குக்கே அனுப்பிவிட்டு, கூலிக்கும் வண்டிக்கும் மட்டும் ரொக்கம் எடுங்கள். ஒரே வழியில் ஒரே நேரத்தில் போகாதீர்கள், கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிஸ்டலையும்விட இது நம்பகமானது என்று பிஸ்டல் பழுது பார்ப்பவனாகச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்ததும் பிஸ்டல் ஒரு பூட்டில், ரவுண்டு இன்னொரு பூட்டில். பிள்ளைகள் இருக்கிற வீடு.

வெப்லியை ஒரு தடவை நான் பார்க்க வேண்டும். வரும்போது லைசென்ஸ் புத்தகத்தையும் இருக்கிற மேகசின்களையும் கொண்டு வாருங்கள். சேம்பரையும் மேகசினையும் காலி செய்து, பிஸ்டலைக் காய்ந்த பருத்தித் துணியில் சுற்றிக் கொண்டு வாருங்கள். அப்பா காலத்து ரவுண்டு ஏதாவது மிச்சம் இருந்தால் தனி டப்பாவில் போட்டு வாருங்கள், சுட்டுப் பார்க்க வேண்டாம். கிளம்புவதற்கு முன்னால் துடைத்து எண்ணெய் போட்டுவிடாதீர்கள். உள்ளே என்ன சேர்ந்திருக்கிறதோ அது அப்படியே எனக்கு வேண்டும்.